சோறும் ஜெபமும்: ஏழை மக்களிடையே கிறிஸ்துவப் பணியில் பிரார்த்தனையின் பங்கு

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில், வகுப்புத் தோழி ஒருவரின் அழைப்பின் பேரில், கோலாலம்பூரில் வீடற்றவர்களுக்கு உணவு வழங்கும் ஒரு தேவாலயக் குழுவினருடன் சென்றிருந்தேன். இரவு எட்டு மணி இருக்கும். உணவுப் பொட்டலங்கள் பெட்டிகளில் தயாராக இருந்தன. வெளியே வரிசை நீண்டு கொண்டே போனது. ஆனால், குழுவினர் யாரும் பெட்டிகளைத் தொடவில்லை. பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்று கண்களை மூடி ஜெபம் செய்யத் தொடங்கினர். கால் மணி நேரம் ஆயிற்று. நான் இந்து. ஓரமாக நின்று கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. பசியோடு நிற்பவர்களைக் காக்க வைத்துவிட்டு அப்படி என்ன ஜெபம்?

திரும்பும் வழியில் தோழியிடம் கேட்டே விட்டேன். அவர் சிரித்தார். "அவங்களுக்காக மட்டும் ஜெபிக்கல. எங்களுக்காகவும்தான். ஜெபம் பண்ணாம வெளியே போனா, பத்தாவது ஆளுகிட்டயே நான் எரிஞ்சு விழுந்துடுவேன்" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஏழைகளுக்குச் செய்யும் பணியில் ஜெபத்தின் வேலைதான் என்ன? வானத்திலிருந்து உதவியை வரவழைப்பதா? பணியாளரின் மனத்தைத் தயார் செய்வதா? அல்லது, சிலர் குறை கூறுவது போல், சோற்றைக் காட்டி மதத்திற்குள் இழுக்கும் தூண்டிலா? இக்கேள்விகளோடு, வரலாற்றில் ஏழைகளிடையே பணியாற்றிய சிலரைப் பற்றிப் படித்தேன். அவற்றிலிருந்து நான் அறிந்து கொண்டவற்றைத் தமிழ் மாணவர்களாகிய நம்மோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெபம் என்றால் என்ன?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தமிழ்ப் புரோட்டஸ்டண்டு கிறிஸ்துவர்கள் பெரும்பாலும் 'ஜெபம்' என்பார்கள். கத்தோலிக்கர்கள் 'செபம்' என்றும் 'மன்றாட்டு' என்றும் சொல்வார்கள். இறைவனிடம் ஒன்றைக் கேட்பது மட்டும் ஜெபம் அன்று. நன்றி கூறுதல், குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், பிறருக்காகப் பரிந்து கேட்டல், ஒன்றும் பேசாமல் இறைவன் முன் அமர்ந்திருத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

சமயப் பணியை அவர்கள் 'ஊழியம்' என்றும், அதைச் செய்பவரை 'ஊழியர்' என்றும் அழைக்கிறார்கள். நம் நாட்டில் ஊழியர் என்றால் மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குபவர் என்றுதான் நினைக்கிறோம். ஆனால், நாம் பார்க்கப் போகும் ஊழியர்களில் பலர் சம்பளமே வேண்டாம் என்றவர்கள்.

ஏழைகளோடு ஜெபத்தை இணைக்கும் இரண்டு கருத்துகள் பைபிளில் அருகருகே இருக்கின்றன. இயேசு சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்தில் அன்றாட உணவுக்கான வேண்டுதல் உண்டு. அதுவும் 'எனக்கு' என்றில்லாமல் 'எங்களுக்கு' என்று பன்மையில் அமைந்துள்ளது. மறுபுறம், யாக்கோபு எழுதிய கடிதம் ஒரு எச்சரிக்கை தருகிறது. உடையும் உணவும் இல்லாத ஒருவரை வாயால் வாழ்த்தி மட்டும் அனுப்பினால் அதனால் பயன் என்ன என்று அது கேட்கிறது. கேட்பது, செய்வது ஆகிய இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக் கொள்வது எப்படி என்பதே இப்பணியாளர்கள் எல்லாரும் சந்தித்த சிக்கல்.

பிரிஸ்டல் நகரில் ஒரு சோதனை

இச்சிக்கலை மிகத் துணிச்சலாகச் சோதித்துப் பார்த்தவர் ஜார்ஜ் முல்லர். 1805ஆம் ஆண்டு பிரஷ்யாவில் பிறந்தவர். சிறு வயதில் அவர் நல்ல பிள்ளை அல்லர். வரி வசூலிக்கும் அதிகாரியான தந்தை வைத்திருந்த பணத்தையே திருடியவர். பதினாறு வயதில் விடுதிக் கட்டணம் செலுத்தாமல் ஏமாற்றியதற்காகச் சிறைக்கும் போனவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1825ஆம் ஆண்டு ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்திற்கு நண்பருடன் சென்றார். அங்கு ஒருவர் முழந்தாளிட்டு ஜெபம் செய்ததைக் கண்டது அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அப்போது அவருக்கு 20 வயது. ஏறக்குறைய நம் வயதுதான்.

பின்னர் இங்கிலாந்து சென்ற முல்லர், 1832ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் போதகராகக் குடியேறினார். அந்த ஆண்டு அங்கு காலரா பரவியிருந்தது. தாய் தந்தையற்ற பிள்ளைகள் தெருவில் நின்றனர். 1836இல் வில்சன் தெருவில் வாடகை வீடு ஒன்றில் 30 சிறுமிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அப்போது அவர் தமக்கு ஒரு விதியை ஏற்படுத்திக் கொண்டார். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, தேவையை வெளியில் சொல்வதும் இல்லை, கடனும் வாங்குவதில்லை. தேவையை இறைவனிடம் மட்டும் சொல்வது.

இல்லம் தொடங்கிய கதையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. வீட்டிற்காகவும் பணத்திற்காகவும் பணியாளர்களுக்காகவும் ஜெபித்தவர், பிள்ளைகள் வர வேண்டும் என்று மட்டும் ஜெபிக்க மறந்துவிட்டார். விண்ணப்பம் பெறும் நாளில் அலுவலகத்தில் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தம் மறதியை உணர்ந்து அன்றிரவு அதற்காகவும் ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. இதை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவரின் ஜெபம் வெறும் ஆடம்பரமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

1849 முதல் 1870 வரையில் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2,050 பிள்ளைகளுக்கு அங்கு இடம் இருந்தது. 1898இல் அவர் இறக்கும் வரையில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்தனர்.

ஜெபித்தவர் சும்மா இருந்தாரா?

இங்குதான் நம்மில் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறோம். ஜெபம் என்றால் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். முல்லரின் வாழ்க்கை அப்படி இல்லை.

1845ஆம் ஆண்டு வில்சன் தெருவில் குடியிருந்த ஒருவர், பிள்ளைகளின் சத்தமும் நெரிசலும் அக்கம் பக்கத்தாருக்குத் தொல்லையாக இருப்பதாகப் பணிவோடு கடிதம் எழுதினார். முல்லர் கோபப்படவில்லை. இடம் மாறுவதற்கான காரணங்கள் எவை, மாறக் கூடாது என்பதற்கான காரணங்கள் எவை என்று வரிசையாக எழுதினார். அண்டை வீட்டாரின் குறை நியாயமானது என்பதை ஒப்புக் கொண்டார். அப்பட்டியலை வைத்து ஜெபித்த பிறகே, ஊருக்கு வெளியே சொந்தக் கட்டடம் கட்டும் முடிவுக்கு வந்தார்.

1857ஆம் ஆண்டு நவம்பர் மாதக் குளிரில், கட்டடத்திற்குச் சூடு தரும் கொதிகலனில் கசிவு ஏற்பட்டது. பழுது பார்க்க வேண்டுமானால் நெருப்பை அணைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குளிரில் வாட நேரிடும். முல்லர் முதலில் பழுது பார்க்கும் நாளைக் குறித்து வேலையாட்களை வரச் சொன்னார். பிறகு இரண்டு காரியங்களுக்காக ஜெபித்தார். வாட்டும் வடகாற்று தென்காற்றாக மாற வேண்டும். வேலையாட்களுக்கு உற்சாகமாக வேலை செய்யும் மனம் வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. வேலையாட்கள் இரவெல்லாம் வேலை செய்ய முன்வந்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

காற்று மாறியது ஜெபத்தாலா, தற்செயலா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டு விடுவோம். கவனிக்க வேண்டியது வேறு. கொதிகலன் தானாகச் சரியாக வேண்டும் என்று அவர் ஜெபிக்கவில்லை. வேலையாளை அழைப்பது தன் வேலை; தன் கைக்கு எட்டாததை மட்டும் கேட்பது ஜெபம் என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

கேட்காமல் இருந்ததன் விளைவுகள்

யாரிடமும் கேட்பதில்லை என்ற விதி முதலில் விந்தையாகத்தான் தெரிகிறது. ஆனால், அது ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

முதலாவதாக, நன்கொடையாளருக்கு அதிகாரம் இல்லாமல் போனது. அக்கால இங்கிலாந்தின் அநாதை இல்லங்கள் பலவற்றில், எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைச் சந்தா செலுத்துவோர் வாக்களித்து முடிவு செய்தனர். செல்வாக்கு இல்லாத ஏழை விதவை வீடு வீடாக வாக்குக் கேட்டு அலைய வேண்டும். முல்லரின் இல்லத்தில் வாக்கும் இல்லை, சிபாரிசும் இல்லை. தாயும் தந்தையும் இல்லாத ஏழைப் பிள்ளை என்பதே முக்கியத் தகுதி. பெற்றோர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றும் பார்க்கவில்லை.

இரண்டாவதாக, வரவு செலவு கண்ணாடி போல் இருந்தது. வந்த ஒவ்வொரு காசும் பதிவு செய்யப்பட்டு ஆண்டறிக்கையில் அச்சானது. கொடுத்தவரின் பெயர் மட்டும் அச்சாகவில்லை. பெயருக்காகக் கொடுப்பவருக்கு அங்கு இடம் இல்லை.

மூன்றாவதாக, சுமையைப் பணியாளர்களும் சுமந்தார்கள். 1838க்குப் பிறகு சில ஆண்டுகள் கடும் பண நெருக்கடி. அடுத்த வேளைக்குப் பணம் இல்லாத நாள்களும் உண்டு. வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பதால், முல்லர் தம் பணியாளர்களிடம் நிலைமையைச் சொல்லி அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். அவர்கள் ஜெபித்ததோடு நிற்காமல் தங்கள் கையிலிருந்ததையும் கொடுத்தார்கள். 'பிள்ளைகளுக்கு உணவு கொடும்' என்று கேட்பவர், தன் பெட்டியில் இருக்கும் காசை மறைக்க முடியாதல்லவா?

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. முல்லர் ஆண்டறிக்கை வெளியிட்டார். 1837 முதல் தம் அனுபவங்களை நூலாகவும் எழுதினார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ்கூட 1857இல் அவருடைய இல்லத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 'கேட்பதில்லை' என்று ஊரறியச் சொல்வதே ஒரு வகையில் கேட்பதுதானே? இக்கேள்வி நியாயமானது. முல்லருக்கும் இது தெரிந்திருந்தது. 1841ஆம் ஆண்டின் இறுதியில் கையில் பணம் மிகக் குறைவாக இருந்தது. அந்த நேரத்தில் அறிக்கை வெளியிட்டால் அது பணம் கேட்பது போலாகிவிடும் என்று எண்ணி, வழக்கமான பொதுக் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளி வைத்தார். விளம்பரம் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அதை வேண்டாம் என்றவரை வெறும் தந்திரக்காரர் என்று ஒதுக்க முடியவில்லை.

தமிழ் மண்ணோடு உள்ள தொடர்பு

முல்லரின் கதைக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு. அவர் ஹாலேயில் படித்தபோது, ஃபிராங்கே என்பவர் ஏழைகளுக்காக நிறுவிய இல்லத்தில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். அதே ஃபிராங்கேயின் மாணவர்தான் 1706இல் தரங்கம்பாடி வந்து இறங்கிய சீகன்பால்கு. தரங்கம்பாடி அச்சகத்திற்கான தமிழ் எழுத்துகள் முதலில் வார்க்கப்பட்டதும் ஹாலேயில்தான்.

இன்னொரு தொடர்பு இதைவிட நெருக்கமானது. முல்லரின் மனைவி மேரியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். பல் மருத்துவராக நன்றாகச் சம்பாதித்தவர். உள்ளதை எல்லாம் கொடுத்துவிட்டு ஊழியம் செய்வது பற்றி 1825இல் ஒரு சிறு நூல் எழுதினார். முல்லரின் மனத்தை மாற்றிய நூல்களில் அதுவும் ஒன்று. குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு இணைந்து பணியாற்றியவர் திருநெல்வேலித் தமிழரான ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்தவர். வெள்ளைக்கார மிஷன் சம்பளத்தில் வேலை செய்யும் 'உபதேசியார்' என்ற நிலையே அன்று தமிழ் ஊழியருக்கு வழக்கமாக இருந்தது. அருளப்பன் நிலையான சம்பளத்தை ஏற்கவில்லை. கிறிஸ்டியன்பேட்டை என்னும் குடியிருப்பை உருவாக்கி, உழைப்பிலும் ஜெபத்திலும் நம்பிக்கை வைத்துச் சுற்றுக் கிராமங்களில் பணி செய்தார். இங்கு ஜெபம் ஒரு விடுதலையையும் தந்தது. சம்பளம் தரும் அந்நியரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை அல்லவா?

டோனாவூர்: ஜெபமும் சட்டமும்

திருநெல்வேலிப் பகுதியில் உள்ள டோனாவூர் என்ற கிராமம் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் பணியாற்றினார். அந்த ஆண்டு மார்ச் மாதம், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். அதன் பிறகு அவ்வாறான பிள்ளைகளைத் தேடிக் காப்பாற்றுவதே அவருடைய பணியாயிற்று. 1913இல் அவர் பராமரிப்பில் 130 பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மை'. 1951இல் அவர் இறந்தபோது, கல்லறையில் அவர் பெயர் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

டோனாவூரிலும் முல்லரின் விதிதான். பணம் கேட்பதில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால், கார்மைக்கேலிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. உண்மையைக் குறைத்தோ கூட்டியோ எழுதுவதில்லை. அவர் முதலில் எழுதிய கையெழுத்துப் படி மிகவும் சோர்வு தருகிறது, இன்னும் உற்சாகமாக எழுதித் தாருங்கள் என்று இங்கிலாந்தில் கேட்டார்கள். அவர் மாற்ற மறுத்தார். உள்ளதை உள்ளபடி சொல்லும் அந்த நூல் 1903இல் வெளிவந்தது. கொடுப்பவரின் மனம் குளிர வேண்டும் என்பதற்காக ஏழைகளின் கதையை இனிப்பாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இறைவனிடம் பொய் சொல்ல முடியாது. எனவே வாசகரிடமும் சொல்லக் கூடாது.

1931இல் ஒரு குழிக்குள் விழுந்து காயமடைந்த பிறகு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். ஓடியாடி வேலை செய்ய முடியாத அந்த நாள்களில் ஜெபமும் எழுத்துமே அவருடைய ஊழியமாக இருந்தன. ஜெபிப்பவரையும் பணியாளராகவே கருதும் வழக்கத்தால், நோயாளிக்கும் முதியவருக்கும் பணியில் ஓரிடம் கிடைக்கிறது.

ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. டோனாவூர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காப்பாற்றியது. பொட்டுக் கட்டும் வழக்கத்தின் கதவை மூடியது சட்டம். அதற்காகச் சென்னைச் சட்டமன்றத்தில் 1927 முதல் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சட்டம் 1947இல் நிறைவேறியது. பிள்ளையைத் தூக்கும் கையும் வேண்டும், அவள் விழும் குழியை மூடும் சட்டமும் வேண்டும். ஜெபம் முதலாவதைத் தாங்கிப் பிடித்தது. இரண்டாவதற்கு அரசியலும் வாதமும் தேவைப்பட்டன.

கூடையை ஏந்தியவர்

ஜெபிப்பவர் மனிதரிடம் கேட்கவே கூடாது என்பது எல்லாருடைய கருத்தும் அன்று. பிரான்ஸ் நாட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்த ஜான் ஜுகான் என்ற பெண்மணி, 1839இல் பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தம் வீட்டிற்குக் கொண்டு வந்து, தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். முதியவர்கள் பெருகினர். அவர்களில் சிலர் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். இனி நீங்கள் போக வேண்டாம், உங்களுக்காக நான் போகிறேன் என்று கூடையை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். அவரிடமிருந்து தோன்றியதே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. மலேசியாவிலும் முதியோர் இல்லம் நடத்தி வந்துள்ள சபை இது.

முல்லர் கேட்க மறுத்தார். ஜுகான் கேட்டுக் கொண்டே இருந்தார். இருவரும் ஜெபித்தவர்களே. வழிகள் எதிரெதிராகத் தோன்றினாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். ஏழையின் மானம் காப்பாற்றப்பட வேண்டும். முல்லர் பிள்ளைகளின் வறுமையைக் கடைவிரிக்க மறுத்து அதைச் செய்தார். ஜுகான் அவர்களுடைய அவமானத்தைத் தம் தலையில் ஏற்று அதைச் செய்தார்.

கல்கத்தா: ஜெபமும் மருந்தும்

அன்னை தெரேசாவைக் குறிப்பிடாமல் இத்தலைப்பை முடிக்க முடியாது. 1950இல் அவருடைய சபை கல்கத்தாவில் அங்கீகாரம் பெற்றது. 1952இல் காளிகாட் கோயிலின் அருகே, சாகும் நிலையில் தெருவில் கிடப்போருக்கான இல்லத்தைத் திறந்தார். சகோதரிகள் விடியுமுன் எழுந்து செபத்தோடும் திருப்பலியோடும் நாளைத் தொடங்குவார்கள். 1973 முதல், ஒரு நாளுக்கு ஒரு மணி நேர நற்கருணை ஆராதனையும் சேர்ந்தது. வேலைப் பளு மிகுந்தபோது செபத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினார்கள். புண்ணைக் கழுவும் கை சலித்துவிடாமல் இருக்க அதுவே வழி என்று அவர்கள் கருதினார்கள்.

2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது பலர் அதிர்ந்தனர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், செபத்தில் இறைவன் இருப்பதாகவே அவரால் உணர முடியவில்லை. இருள்தான் இருந்தது. இருந்தும் செபிப்பதை நிறுத்தவில்லை. தெருவில் கிடந்தவரைத் தூக்குவதையும் நிறுத்தவில்லை. ஜெபம் என்றால் மன நிம்மதி தரும் மருந்து என்று நினைத்திருந்த எனக்கு இது புதிய பாடம். சில வேளைகளில் ஜெபம் எந்த நிம்மதியையும் தராத கடமையாகவும் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1994இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ராபின் ஃபாக்ஸ் என்பவர், காளிகாட் இல்லத்தில் தாம் கண்டதை எழுதினார். அன்பான பராமரிப்பைப் பாராட்டிய அவர், நோயைக் கண்டறியும் முறை போதவில்லை, வலியைத் தணிக்கும் வலுவான மருந்துகள் இல்லை என்றும் சுட்டிக் காட்டினார். இறக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு அவர்கள் அறியாமலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக முன்னாள் சகோதரி ஒருவர் கூறிய குற்றச்சாட்டும் 1990களில் எழுந்தது. வலியால் துடிப்பவருக்குச் செபம் துணையாகலாம். வலி மருந்துக்கு ஈடாகாது.

தூண்டிலா, துணையா?

மீதமிருப்பது மிகக் கடினமான கேள்வி. ஏழையிடம் ஜெபத்தோடு வருபவர், அவனுடைய பசியைப் பயன்படுத்திக் கொள்கிறாரா?

இக்கேள்வி புதிதன்று. உணவுக்காக மதம் மாறியவர்களை 'அரிசிக் கிறிஸ்துவர்கள்' என்று ஆங்கிலேயர்களே கேலியாக அழைத்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவராக நமக்கெல்லாம் அறிமுகமான கால்டுவெல், அப்போது திருநெல்வேலியில் பஞ்ச நிவாரணத்திலும் ஈடுபட்டிருந்தார். அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்துவத்தில் சேர்ந்தனர். அவர்கள் நம்பிக்கையால் வந்தார்களா, பசியால் வந்தார்களா என்று அன்றே கேள்வி எழுந்தது. கஞ்சி ஊற்றுபவரின் மதத்தில் சேர்வதைப் பிழை என்று பசித்தவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், கஞ்சி ஊற்றுபவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எதிரில் நிற்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத நிலையில், அவரிடம் எதையும் கேட்காமல் இருப்பதே அந்தப் பொறுப்பு.

முல்லரின் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஜெபத்தில் அமர்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. அக்காலத்தில் அது இயல்பு. இன்று நாம் அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் படித்த பின் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஜெபம் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தும்போது அது ஏழைக்கு நன்மை செய்கிறது. கடன் வாங்காதே, பொய்யாக எழுதாதே, உன் காசை ஒளிக்காதே, சலித்துக் கொள்ளாதே என்று அது பணியாளரிடம் சொல்கிறது. அதே ஜெபம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அதாவது சோற்றுக்கு விலையாகவோ மருந்துக்கு மாற்றாகவோ சட்டத்திற்கு மாற்றாகவோ ஆகிவிட்டால், அது தீமை செய்கிறது. இது கிறிஸ்துவத்திற்கு மட்டும் உரிய அளவுகோல் அன்று. அன்னதானத்திற்கும், தோட்டப்புறப் பள்ளிகளில் நம் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் இலவச வகுப்புகளுக்கும்கூட இது பொருந்தும். கொடுக்கும் முன் நம்மை நாமே ஒரு முறை சரி பார்த்துக் கொள்கிறோமா? அல்லது வாங்குபவரைத்தான் சரி பார்க்கிறோமா?

அன்றிரவு நடந்ததில் நான் கவனிக்கத் தவறிய ஒன்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. கால் மணி நேர ஜெபம் முடிந்து வெளியே வந்த பின், வரிசையில் நின்ற எவரிடமும் யாரும் ஜெபிக்கச் சொல்லவில்லை. பெயர் கேட்டார்கள், பொட்டலம் கொடுத்தார்கள். சட்டை கிழிந்த ஒரு முதியவர் குடித்திருந்தார். இரண்டு முறை வாங்கியும், மூன்றாவது முறையும் வந்து சத்தம் போட்டார். என் தோழி எரிந்து விழவில்லை. "அங்கிள், மத்தவங்களுக்கும் வேணும்ல. கடைசியில மீதி இருந்தா தர்றேன்" என்றார். கடைசியில் ஒரு பொட்டலம் மீதி இருந்தது. அவரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.